டெவலப்பர்களுக்கு மார்க் போடும் சாஃப்ட்வேர்: எட்டு மாதம் பயன்படுத்தியதில் தெரிந்தது

ஒரு சாஃப்ட்வேர் டீம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து காட்டும் கருவி ஒன்றை எங்கள் கம்பெனியில் எட்டு மாதமாகப் பயன்படுத்துகிறோம். வாங்கலாமா வேண்டாமா என்று கோயமுத்தூரிலேயே மூன்று நண்பர்கள் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். பெயரைப் போடவில்லை. வாங்குவதற்கு முன் இதே வகையில் நான்கு கருவிகளின் டெமோ பார்த்தோம், திரைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் நீங்கள் எதை வாங்கினாலும் உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

சரவணம்பட்டியில் எங்கள் ஆபீஸ். முப்பத்திரண்டு டெவலப்பர்கள், அதில் பதினோரு பேர் என் டீம். திருப்பூர் ஏற்றுமதிக்காரர்களுக்கும் சுற்றுவட்டார ஸ்பின்னிங் மில்களுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். நூல் இருப்பு, கட்டிங் கணக்கு, பேக்கிங் லிஸ்ட், இ-வே பில் என்று ஒரு கம்பெனி காலையில் கதவு திறப்பதிலிருந்து ராத்திரி லாரி கிளம்புகிற வரைக்கும் ஓடுகிற சமாச்சாரம். இந்தக் கருவியை வாங்கியதற்குக் காரணம் எங்கள் எம்.டி. ஒரு மீட்டிங்கில் கேட்ட கேள்வி: "ரெண்டு வருசத்துல பத்துப் பேர் சேத்திருக்கறோம். வேலை மட்டும் ஏனுங்க முன்ன மாதிரியே லேட்டாகுது?" நியாயமான கேள்வி. சம்பளம் கொடுப்பவர் கேட்கத்தான் செய்வார், பதில் சொல்ல எங்களிடம் எந்தக் கணக்கும் இல்லை.

மாட்டுவது சுலபம். கோடைச் சேர்த்து வைக்கும் கிட்ஹப்புக்கும் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியல் இருக்கும் ஜிராவுக்கும் படிக்கும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும், அரை நாளில் முந்தைய ஆறு மாதக் கணக்கையும் தானே இழுத்துக்கொண்டு படம் போட்டுவிட்டது. ஆனால் முதல் வாரம் அந்தப் படத்தை நம்பாதீர்கள். ஒரே ஆள் ஆபீஸ் மெயிலிலும் சொந்த மெயிலிலும் கோட் ஏற்றியிருந்தால் இரண்டு ஆளாகக் காட்டும், ஒவ்வொருவராகப் பார்த்து ஒட்ட வேண்டும். நேரம் உலகப் பொது நேரத்தில் இருந்தது, அதனால் ஒன்பதரைக்கு வந்து உட்காருகிற என் டீம் விடியற்காலை நான்கு மணிக்கு வேலை தொடங்குவதாக வந்தது. அதை மாற்றும் இடம் செட்டிங்ஸில் மூன்றாவது அடுக்கில் ஒளிந்திருக்கிறது. சப்போர்ட்டில் கேட்டால் ஒரு நாளுக்குள் பதில் வருகிறது, பதிலும் ஒழுங்காக இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது.

டோரா அளவீடுகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நிகோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் பல வருடம் ஆயிரக்கணக்கான பேரிடம் சர்வே எடுத்துத் தொகுத்தது, 2018-ல் புத்தகமாகவும் வந்தது. அந்த வருடக் கடைசியில் கூகுள் டோரா என்ற அவர்களுடைய ஆய்வு நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அந்தப் புத்தகத்தில் நான்கே அளவுகள்: எத்தனை நாளைக்கு ஒரு தடவை புதிய பதிப்பை வெளியே விடுகிறீர்கள், எழுதிய கோட் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, விட்டதில் எத்தனை உடைகிறது, உடைந்தால் சரி செய்ய எவ்வளவு நேரம். கவனித்துப் பாருங்கள், நான்கில் ஒன்றுகூட ஒரு தனி ஆளைப் பற்றிப் பேசவில்லை. வேலை எப்படி ஓடுகிறது என்பதைத்தான் கேட்கிறது.

இந்தக் கருவியின் மிகச் சிறந்த திரை அந்த இரண்டாவது அளவுக்கானது. ஒரு மாற்றம் எழுத ஆரம்பித்ததிலிருந்து வாடிக்கையாளரிடம் போகும் வரை உள்ள காலத்தை ஒரு நீளப் பட்டையாகப் போட்டு, எழுதிய நேரம், ரிவ்யூவுக்கு (எழுதிய கோடை இன்னொருவர் படித்துச் சரிபார்ப்பது) காத்திருந்த நேரம், ரிவ்யூ நடந்த நேரம், டெஸ்டிங்குக்குக் காத்திருந்த நேரம் என்று வண்ணம் பிரித்துக் காட்டுகிறது. எங்கள் டீமுக்கு அந்தப் பட்டை ஒன்பது நாள் நீளம் இருந்தது. அதில் எழுதிய நேரம் இரண்டு நாள்கூட இல்லை. மூன்று நாள் ரிவ்யூவுக்குக் காத்துக் கிடந்திருக்கிறது. பாக்கியில் பெரும்பங்கு டெஸ்டிங்குக்குக் காத்துக் கிடந்தது, காரணம் மூன்று டீமுக்கும் சேர்த்து ஒரே ஒரு டெஸ்ட் சர்வர், ஒருத்தர் முடிக்கும் வரை மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இது எங்களுக்குத் தெரியாதா என்றால் தெரியும், எல்லோரும் டீ குடிக்கும்போது இதைத்தான் புலம்புவோம். ஆனால் புலம்பல் எம்.டி. காதில் ஏறாது, பட்டை ஏறியது. இரண்டு வாரத்தில் இன்னொரு சர்வர் வந்தது. அதற்கடுத்த மாதம் ஒன்பது நாள் ஐந்தரை நாளாக ஆனது, யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை.

அந்தப் பட்டையைப் பார்த்தபோது எனக்கு அப்பாவின் நோட்டுதான் ஞாபகம் வந்தது. சோமனூரில் எங்களுக்கு எட்டுத் தறி இருந்தது, கூலிக்கு நெய்து கொடுக்கும் தறிகள். பாவும் ஊடையும், அதாவது நீளவாட்டு நூலும் குறுக்கு நூலும், ஜவுளிக்காரர் கொடுப்பார், நாங்கள் நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி ஓட்டுகிற ஆளுக்கும் அப்படியே கணக்கு. அப்பா ஒரு நீல அட்டை போட்ட நோட்டு வைத்திருந்தார். எந்த ஆள் எத்தனை மீட்டர் நெய்தார் என்பது கூலிக்காக ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். பக்கம் முழுக்க இருப்பது வேறு: "3-ம் தறி, 10 முதல் 1, பாவு இல்லை." "எல்லாம், 2 மணி, கரண்ட் இல்லை." "7-ம் தறி, அரை நாள், பெல்ட்." தறி நின்ற நேரமும் நின்ற காரணமும். சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், ஓடுனதை எழுதாம நின்னதை எதுக்குங்கப்பா எழுதறீங்க என்று. "ஓடுனா நெய்யறவன் நெய்வான் சாமி. நின்னதுக்குத்தான் நான் ஓடோணும்" என்றார். மாசக் கடைசியில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டுதான் ஜவுளிக்காரரிடம் போய் பாவு ஏன் லேட்டாக வருகிறது என்று பேசுவார். இந்தக் கருவியின் அந்த ஒரு திரை அப்பாவின் நோட்டு மாதிரியே வேலை செய்கிறது. அதற்காக இதற்குக் கொடுக்கிற காசு தகும்.

சரி, இப்போது கெட்டதற்கு வருகிறேன்.

இதே கருவியில் இன்னொரு திரை இருக்கிறது. ஒவ்வொரு டெவலப்பருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மார்க். எத்தனை கமிட் (கோடில் செய்த மாற்றத்தை ஒரு தடவை பதிவது), எத்தனை மாற்றங்களை இணைத்தார், எத்தனை வரி, எத்தனை ரிவ்யூ கமென்ட், எத்தனை ஸ்டோரி பாயின்ட் (வேலை எவ்வளவு பெரிது என்று டீமே முன்கூட்டிப் போடும் மதிப்பு) முடித்தார், எல்லாவற்றையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்து ஒரு எண். அந்த விகிதம் என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள், அது அவர்களுடைய தொழில் ரகசியமாம். எங்கள் ஆபீஸில் அந்தத் திரையை ஹாலில் இருக்கும் டி.வி.யில் போட்டார்கள். நான் வேண்டாம் என்றேன், ஆனால் ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன், அதற்காக இன்று வரை வருத்தப்படுகிறேன்.

முதல் மாதம் கடைசி இடத்தில் வந்தது யார் தெரியுமா? என் டீமிலேயே எல்லோரும் சந்தேகம் கேட்கப் போகிற சீனியர். ஒன்பது வருட அனுபவம், புதிதாக வருகிற பையன்களும் பெண்களும் "அக்கா, இது ஏங்க்கா வரமாட்டேங்குது" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும் ஆள். மார்க் 38.

அந்த மாதம் அவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக்காரரிடம் எங்கள் பேக்கிங் புரோகிராம் ஓடுகிறது. வாரத்தில் ஒன்றிரண்டு தடவை இரண்டு அட்டைப்பெட்டிக்கு ஒரே நம்பர் விழுகிறது. பேக்கிங் லிஸ்டில் ஒரு பெட்டி குறையும், தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னர் கேட்டிலேயே நிற்கும், பெட்டியை எல்லாம் இறக்கி எண்ணுவார்கள். ஆபீஸில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால் வராது. அதற்கு முன் மூன்று பேர் கை வைத்து, நம்பர் ஏற்கெனவே இருக்கிறதா என்று சோதிக்கும் கோடை ஆளுக்கொரு இடத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள், அப்படியும் நிற்கவில்லை. இவர் பஸ் ஏறித் திருப்பூர் போனார். இரண்டு சாயங்காலம் பேக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சும்மா பார்த்தார். ஷிப்ட் முடிகிற கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு டேபிளிலும் அவசர அவசரமாக ஸ்கேன் பண்ணுகிறார்கள். புரோகிராம் என்ன செய்கிறது என்றால், இருப்பதிலேயே பெரிய நம்பரை எடுத்து ஒன்று கூட்டுகிறது. இரண்டு டேபிளும் ஒரே நொடியில் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். நம்பர் கொடுக்கிற வேலையை டேட்டாபேஸிடமே விட்டுவிட்டார். மாற்றியது இரண்டு வரி. முன்னால் மூன்று பேர் சேர்த்து வைத்திருந்த சோதனைக் கோடை எல்லாம் தூக்கிப் போட்டார், அது நாற்பது வரிக்கு மேல். அதற்கப்புறம் இன்று வரை அந்தத் தொந்தரவு வரவில்லை.

கருவியின் கணக்கில் இது என்ன? நான்கு வேலைநாள், ஒரு கமிட், வரி எண்ணிக்கை மைனஸில். அதே மாதம் ஒரு சின்னப் பையன் வேறு இடத்திலிருந்து ஒரு பெரிய லைப்ரரியை (ஆயத்தமாகக் கிடைக்கும் கோட் தொகுப்பு) அப்படியே கொண்டுவந்து போட்டான், அவனுக்கு 91. அவன் தப்பு ஒன்றுமில்லை, கொடுத்த வேலையைச் செய்தான். டி.வி. முன்னால் நின்று அவனே கூச்சப்பட்டு, "ஏனுங்ண்ணா, அக்காவுக்கு மேல எம்பேரு இருக்குது, இதை எடுத்துடச் சொல்லுங்ண்ணா" என்றான்.

இது புதிய கதையும் இல்லை. 1982-லேயே ஆப்பிள் கம்பெனியில் லிசா கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தபோது, ஒவ்வொரு டெவலப்பரும் வாரத்துக்கு எத்தனை வரி எழுதினார் என்று படிவம் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். அந்த டீமில் இருந்த பில் அட்கின்சன் அந்த வாரம் படம் வரையும் கோடின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, முன்பைவிடப் பல மடங்கு வேகமாக ஓட வைத்து, கூடவே 2,000 வரியைக் குறைத்திருந்தார். படிவத்தில் மைனஸ் 2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரத்தில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அதே வரி எண்ணிக்கையை அழகான வண்ணத்தில் வட்டம் போட்டு ஒரு கருவி விற்கிறது, நாமும் வாங்குகிறோம்.

மார்க் வந்த பிறகு டீமில் நடந்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது. இரண்டாம் மாதத்திலிருந்து ஒரே மாற்றத்தை ஐந்தாறாகப் பிரித்து அனுப்ப ஆரம்பித்தார்கள், ரிவ்யூவில் "நல்லா இருக்கு", "ஓகே" என்று கமென்ட் குவிந்தது. மூன்று பாயின்ட் போட்டுக்கொண்டிருந்த வேலை ஐந்தாகவும், ஐந்து எட்டாகவும் ஆனது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, சரி செய்துவிடலாம். புதிதாக வந்த பெண் ஒருத்தி டேட்டாபேஸில் ஏதோ சிக்கி அரை நாள் தனியாக உட்கார்ந்திருந்தாள், யாரும் எழுந்து போகவில்லை. எங்கள் ஆபீஸில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. யாரும் கெட்டவர்கள் ஆகிவிடவில்லை, அடுத்தவருக்கு உதவுகிற நேரத்துக்கு டி.வி.யில் இடமில்லை, அவ்வளவுதான். சோமனூரில் மீட்டரை மட்டும் பார்த்துக் கூலி கொடுத்தால் ஊடையை இளக்கி நெய்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஜவுளிக்காரர் கண்ணாடியை வைத்து ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக் (ஊடை இழை) என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பார். பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக்கொள்கையைப் பற்றிப் பேசும்போது இதே விஷயத்தைச் சொன்னார்: ஓர் அளவைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் அது காட்டிக்கொண்டிருந்த உண்மை கையை விட்டுப் போய்விடும். துணிக்காவது பிக் கண்ணாடி இருக்கிறது. ஒரு கோட் அடுத்த மூன்று வருடம் தாங்குமா என்று அன்றைக்கே எண்ணிச் சொல்லும் கண்ணாடி இதுவரை யாரிடமும் இல்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் அந்த சீனியர் என்னிடம் வந்து, வேறு இடத்தில் இன்டர்வியூ போய் வந்துவிட்டதாக நேராகச் சொன்னார். "எனக்கு மார்க் பத்திக் கவலை இல்லீங்ண்ணா. நான் திருப்பூர் போனது வேலையான்னு இந்த ஆபீஸுக்கே தெரியலையே, அதான் மனசு விட்டுப் போச்சு." அன்றைக்கே எம்.டி.யிடம் போய் உட்கார்ந்தேன். இந்த முறை ஒரு தடவை சொல்லிவிட்டு விடவில்லை. அந்த ஏற்றுமதிக்காரரை போனில் பிடித்து, பெட்டி நம்பர் பிரச்சினை நின்றதில் அவருக்கு என்ன மிச்சமாயிற்று என்று எம்.டி.யே நேரில் கேட்கும்படி செய்தேன். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு எம்.டி. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை டி.வி.யில் அந்தத் திரை இல்லை. சீனியர் எங்களோடுதான் இருக்கிறார்.

ஆனால் அணைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை, வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டெவலப்பர்களுக்குத் தெரியாமல் மறைக்கலாம், நிர்வாக லாகினில் அந்த மார்க் தெரிந்துகொண்டேதான் இருக்கும். முழுதாக எடுக்க முடியுமா என்று கேட்டதற்கு அடுத்த மேல்நிலைத் திட்டத்தில்தான் அந்த வசதி என்றார்கள். நான்கு மெயில் போட்ட பிறகு எங்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குக் கூடுதல் காசு கேட்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னும் சில விஷயம். உடைந்தது எத்தனை என்கிற அளவை நம்பாதீர்கள். அவசரத் திருத்தத்துக்கு நீங்கள் லேபிள் போட்டால்தான் அது எண்ணும், போடாவிட்டால் பூஜ்யம். முதல் மாதம் எங்களுக்குப் பூஜ்யம் சதவீதம் என்று பச்சையில் காட்டியது, அந்த மாதம் திருப்பூரிலிருந்து எனக்கு வந்த போன்களை எண்ணினாலே அது பொய் என்று தெரியும். லேபிள் போடும் பழக்கம் வந்த பிறகு ஓரளவு சரியாக வருகிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டீமிடம் பெயர் போடாமல் கேள்வி கேட்கும் வசதி ஒன்று இருக்கிறது, அதை யாரும் பெரிதாக விளம்பரப்படுத்துவதில்லை, ஆனால் நல்ல வசதி. 2021-ல் ஃபோர்ஸ்கிரனும் இன்னும் சிலரும் சேர்ந்து ஸ்பேஸ் என்று ஒரு முறையை வெளியிட்டார்கள். மனத்திருப்தி, பலன், செயல்பாடு, பேசிப் பழகி வேலை செய்வது, தடையில்லாத ஓட்டம் என்று ஐந்து பக்கம் பார்க்க வேண்டும், ஒரே எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், குறைந்தது மூன்று பக்கமாவது சேர்த்துப் பாருங்கள் என்பது அதன் சாரம். எங்கள் சர்வேயில் "தொந்தரவு இல்லாமல் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் வேலை செய்ய முடிகிறதா" என்ற கேள்விக்குப் பதினோரு பேரில் எட்டுப் பேர் இல்லை என்றார்கள். மதியத்துக்கு முன் மீட்டிங் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். எந்த கமிட் எண்ணிக்கையும் இதைச் சொல்லியிருக்காது.

ஆனால் ஆட்கள் சொல்வதை மட்டும் வைத்தும் போக முடியாது. இதில் புதிதாக ஏஐ திரை ஒன்று சேர்த்திருக்கிறார்கள், எத்தனை சதவீதம் கோட் ஏஐ எழுதியது என்று காட்டும். மறுபடியும் வரிக் கணக்குதான். 2025-ல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு ஓப்பன் சோர்ஸ், அதாவது கோடை எல்லோருக்கும் திறந்து வைக்கும் மென்பொருளில் அனுபவமுள்ள 16 டெவலப்பர்களை வைத்து 246 வேலைகளில் சோதித்துப் பார்த்தது. ஏஐ துணையோடு செய்ததில் தாங்கள் 20 சதவீதம் வேகமாகிவிட்டதாக அவர்கள் நினைத்தார்கள், கடிகாரம் பார்த்தால் 19 சதவீதம் மெதுவாகியிருந்தார்கள். சின்ன ஆய்வு, அன்றைய கருவிகள், அவர்கள் நன்றாகப் பழகிய கோட். எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நம் மனதுக்குத் தோன்றுகிற வேகத்தையும் உண்மையான வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏதாவது ஒரு கணக்கு வேண்டும் என்பதற்கு எனக்கு அது போதும்.

விலை ஆளுக்கு மாதம் இவ்வளவு என்றுதான் வரும். எங்களுக்கு வருடக் கட்டணம் ஒரு புது டெஸ்ட் சர்வரின் வாடகையைவிட அதிகமாக வந்தது. பத்துப் பேருக்குள் இருக்கிற கம்பெனி என்றால் வாங்க வேண்டாம் என்பேன். ஒரு மாதம், முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் எப்போது தொடங்கியது, எங்கே எத்தனை நாள் நின்றது, எதனால் நின்றது என்று எக்செல்லில் எழுதுங்கள், எழுதுவதற்குள்ளேயே பாதி தெரிந்துவிடும். முப்பது நாற்பது பேர், மூன்று நான்கு டீம், எங்கே அடைக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை என்கிற நிலைமை வந்துவிட்டால் இது பயன்படும். வாங்கும்போது தனி ஆள் மார்க்கை எந்த லாகினிலும் தெரியாமல் எடுக்க முடியும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பள உயர்வுப் பேச்சுக்கு இதைக் கொண்டுபோக மாட்டோம் என்று உங்கள் நிர்வாகமும் டீமுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், முதல் நாளே. எங்களுக்கு மூன்று மாதம் கழித்துச் சொன்னார்கள். பாயின்ட்டைக் கூட்டிப் போடும் பழக்கம் அதற்குள் ஒட்டிக்கொண்டது, இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அந்த மூன்றும் காத்திருப்புப் பட்டைக்கும் சர்வேக்கும்.

ஹால் டி.வி. இப்போதும் ஓடுகிறது. ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் மாற்றங்கள் எத்தனை, எது எத்தனை மணி நேரமாக நிற்கிறது என்ற பட்டியல் மட்டும், யார் பெயரும் இல்லாமல். டீ குடிக்க எழுந்து போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து முடித்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு அதில் இரண்டுதான் இருந்தது.